எல்லாருக்கும் பிளேன்

தட்டு கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. என் மகள் தர்ஷினி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தட்டில் பொன் விளிம்பு வைத்த கோப்பைகள். வருஷத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ அலுமாரியிலிருந்து இறங்குகிறவை. கோப்பைகளில் பால் டீ. பசும்பால். பால்மா கரைத்தால் மரியாதைக் குறைவு என்று என் மனைவி சரோஜா விடிகாலையிலேயே ஆள் அனுப்பி வாங்கியது.

எதிரே மாப்பிள்ளை வீட்டார். நடுவில் பையனின் அப்பா. அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். தட்டு முதலில் அவரிடம்தான் போனது.

அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். மிகவும் தன்மையாகச் சொன்னார்.

"எனக்குப் பிளேன் இருந்தா குடுங்கம்மா."

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இதுவரை என் வழுக்கை, என் மோட்டார் சைக்கிள், நான் தோற்ற பாடசாலைத் தேர்தல் என்று எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்தேன். இந்த வாரம் ஒரு சொல், 'பிளேன்': எங்கள் ஊரில் பால் ஊற்றாத டீ. ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான ஒரு பெயரடை. பதுளையில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் நான். ஒரு பெயரடை வீடு தேடி வந்து உதைப்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊவா மாகாணத்தில் இல்லை.

அடுப்படியில் நடந்தது

தர்ஷினிக்குப் பதற்றம். ஒரு கோப்பையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அவள் தட்டோடு திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் எழுந்து பின்னாலேயே போனேன். விருந்தாளிகளைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்காரன் அடுப்படிக்குள் போவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது போன பிறகுதான் உறைத்தது.

அடுப்படியில் என் அக்கா பார்வதி உட்கார்ந்திருந்தாள். அக்கா நமுனுகுலையிலிருந்து முதல் நாளே வந்து, வடைக்கு அரைப்பதிலிருந்து மாப்பிள்ளையின் நடையைக் கணிப்பது வரை எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவள்.

"என்ன புள்ள, தட்டு போன மாதிரியே வந்திருக்கு?"

"அவரு பிளேன் கேக்குறாரு அத்த."

"யாரு?"

"அவங்க அப்பா."

அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"கேட்டியா சரோஜா? பொண்ணு கையால பால் டீ நீட்டுது. வேணாங்குறாரு."

"அவருக்கு ஒத்துக்காதோ என்னமோ, அண்ணி" என்றாள் சரோஜா. ஆனால் அவள் முகம் அதற்குள் வெளிறிவிட்டது.

"ஒத்துக்காட்டி ஒரு வாய் வச்சிட்டு வைக்கிறதுதானே. நல்ல காரியம் பேச வந்த எடத்துல யாராச்சும் வாயத் தொறந்து பிளேன் கேப்பாங்களா? நம்ம வீட்டுப் பால் அவுங்க தொண்டையில எறங்காதாம். கொண்டா தட்ட. எல்லாருக்கும் பிளேனே ஊத்து."

"அக்கா, அவரு மட்டுந்தானே கேட்டாரு" என்றேன்.

"நீ சும்மா இரு தம்பி. வீட்டுப் பெரியவரு கேட்டா எல்லாரும் கேட்ட மாதிரிதான்."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் என் அக்காவின் முன்னால் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பால் டீ எல்லாம் சட்டிக்குத் திரும்பியது. அதே பொன் விளிம்புக் கோப்பைகளில் பிளேன் டீ போனது. பையனின் அம்மா கோப்பைக்குள் பார்த்தார். உள்ளே ஏதோ விழுந்து கிடப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்துவிட்டார். பையன் பிரசாந்த் மட்டும் கொதிக்கக் கொதிக்க முழுவதையும் குடித்து முடித்தான். அவனுக்கு அன்றைக்கு விளக்கெண்ணெய் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பான்.

அப்பாவும் குடித்தார். ரசித்துக் குடித்தார். "நல்லாருக்கு" என்றுகூடச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

"போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்று புறப்பட்டுப் போனார்கள்.

தர்ஷினியின் கணக்கு

இதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவது என்பது, பரீட்சை முடிவு வந்த பிறகு பரீட்சை எழுதுகிற மாதிரி. லுணுகலைத் தரகர் போட்டோ கொண்டுவந்து கொடுத்த பிறகு, இரண்டு வீட்டின் சம்மதத்தோடு பையனும் பெண்ணும் மாதக்கணக்கில் போனில் பேசியிருந்தார்கள்.

என் மகள் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள். வந்த வரன்களையெல்லாம் கணக்குப் போலவே ஒரு கோடு போட்டு அடித்துவிடுவாள். ஒருவன் தன்னைப் பற்றியே பேசினான். ஒருவன் அவள் சம்பளத்தைப் பற்றியே பேசினான். பிரசாந்த் மட்டும்தான், "இன்னைக்கு ஒங்க ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டானாம். கேட்டதோடு பதிலையும் கேட்டானாம். என் மகள் சிரித்துக்கொண்டே போனை வைக்கிற சத்தத்தை அந்த மாதங்களில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தச் சிரிப்புத்தான் இப்போது ஒரு கோப்பைக்குள் கிடந்தது.

சாயத்தண்ணி

அக்காவைக் குறை சொல்லி என்ன செய்வது? நாங்கள் இருவரும் பிறந்தது நமுனுகுலைத் தோட்டத்து லயம் ஒன்றின் வரிசை வீட்டில். அங்கே பிளேன் டீக்குப் பேர் சாயத்தண்ணி. அம்மா அதைப் போத்தலில் ஊற்றி, கொழுந்துக் கூடையோடு மலைக்குக் கொண்டுபோவாள். வீட்டில் சீனியை உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். டீயில் சீனியைக் கரைத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். உலகத்துக்குத் தேயிலை அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு நாங்கள் குடித்தது தூளின் தூள்.

பால் டீ என்பது வந்தவர்களுக்கு. சொந்தத்துக்கு நல்லது கெட்டது என்றால் அம்மா எங்கிருந்தாவது பால் வாங்கிவிடுவாள். நல்லதுக்குத்தான். கெட்டதுக்குப் பிளேன். செத்த வீட்டில் பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டே இருக்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் மொண்டு குடிக்கலாம். செத்த வீட்டில் யாரும் பால் டீ ஊற்ற மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு லயத்தில் வாய் நனைப்பவர் இன்னொரு லயத்தில் நனைக்க மாட்டார். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வாறேன்" என்பார்கள். ஒரு தடவை கங்காணி வீட்டு அம்மா எங்கள் வாசலுக்கு வந்தபோது, அம்மா பித்தளை டம்ளரில் பால் டீ கொண்டுபோய் நீட்டினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இப்பதான் குடிச்சேன்" என்றார். அம்மா அந்த டம்ளரை ஏந்திக்கொண்டே கொஞ்ச தூரம் அவர் பின்னால் போனாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. அக்காதான் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது மாதிரி சொல்லுவாள்.

ஆக, டீமேக்கர் ஐயா பிளேன் கேட்டபோது, அக்காவுக்கு முன்னால் நின்றது அவர் இல்லை.

அகராதி

நான் படித்தவன். அதனால் அகராதியைத் திறந்தேன்.

முதுகு கிழிந்த, கனமான ஆங்கில அகராதி. அதில் அந்தச் சொல்லுக்கு ஒரு முழுப் பத்தி. அலங்காரம் இல்லாதது. கலப்பு இல்லாதது. ஒளிவுமறைவு இல்லாதது. கேட்டவுடன் விளங்குவது. பிறகு, அழகென்று சொல்ல முடியாத முகம். இந்த வரியைச் சரோஜாவிடம் காட்டவில்லை. கடைசியில், பெயர்ச்சொல்லாக வந்தால் சமவெளி. ஊவா மலையில் உட்கார்ந்துகொண்டு சமவெளிக்கு எங்கே உதாரணம் தேடுவது?

வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தச் சொல்லை நாங்கள் எங்கள் வசதிக்குத் திருத்திக்கொண்டுவிட்டோம். பதுளைக் கடைகளில் பிளேன் ஆப்பம் என்றால் முட்டை போடாதது. பிளேன் ஷேர்ட் என்றால் கோடோ கட்டமோ இல்லாதது. பிளேன் கேக் என்றால் மேலே ஐசிங் இல்லாதது. வகுப்பில் ஒருமுறை, ஒளிவுமறைவில்லாத பதிலுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதிப்போட்டு, "இது எப்படிப்பட்ட பதில்?" என்று கேட்டேன். பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "பால் ஊத்தாத பதில் சேர்" என்றான். முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான்: ஏதோ ஒன்று இல்லை. என்ன இல்லை என்பதைக் கேட்கிறவர்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். முட்டை இல்லை, கோடு இல்லை, பால் இல்லை. அக்கா நிரப்பியது: மரியாதை இல்லை. சரோஜா நிரப்பியது: சம்மதம் இல்லை.

பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கடைக் கண்ணாடியில் 'பால் டீ இல்லை' என்று அட்டை தொங்கும். கல்யாணப் பேச்சு, பிறந்தநாள், கோயில் கூட்டம் எல்லாவற்றிலும் பிளேன்தான். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒன்று இல்லை என்றால் அது யாருக்கும் அவமானம் இல்லை. அந்தப் பஞ்ச காலத்தில் இந்தச் சம்பந்தம் வந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கினேன். நாட்டுக்கு வந்த கஷ்டத்துக்காக ஏங்கிய ஒரே ஆசிரியன் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று புள்ளிகள்

தகவல் வரவில்லை. ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள் போனது. அடுத்ததும் பாதி போனது.

நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லையோ என்று போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரை போனேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு நாள் நடத்தினேன். பிள்ளைகள் நல்லவர்கள், சொல்லவில்லை.

தர்ஷினி போனை மேசைமேல் முகம் தெரிய வைத்துவிட்டுக் கொப்பி திருத்துவாள். ஒருநாள் பின்னாலிருந்து பார்த்தேன். பிரசாந்தின் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துடித்தன. அவன் ஏதோ எழுதுகிறான். புள்ளிகள் நின்றன. மறுபடி துடித்தன. மறுபடி நின்றன. ஒன்றும் வரவில்லை. அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அடுத்த கொப்பியைத் திறந்தாள்.

"நீயே கேட்டுப் பாக்கலாமேம்மா."

"என்னன்னுப்பா கேக்க? அவங்க வீட்டுல என்ன முடிவுன்னா? கேட்டா கெஞ்சுற மாதிரி இருக்கும். பிடிச்சிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க."

"ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் சரியான விடை ஒன்றுக்குப் பிழை போட்டு, பிறகு அதை அழித்துச் சரி போட்டாள்.

தரகருக்கு எடுத்தேன். அவர் பஸ்ஸில் இருந்தார்; அவர் எப்போதும் பஸ்ஸில்தான் இருப்பார்.

"அவுங்க ஒண்ணும் சொல்லல மாஸ்டர். நான் கேட்டேன். அந்த அம்மா, 'அதான் அவுங்களே சொல்லிட்டாங்களே'ன்னு வச்சிட்டாங்க. நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"நாங்க என்னய்யா சொன்னோம்? வடை சாப்பிடுங்கன்னு சொன்னோம்."

அன்று மாலையே, மறுநாள் அப்புத்தளைக்குப் போவதென்று முடிவு செய்தேன். வீட்டில் பெரிய வாக்குவாதம். பெண்ணைப் பெற்றவன் தானாகப் படி ஏறினால் தராதரம் என்ன ஆகும் என்று அக்கா போனில் கேட்டாள். சரோஜா, போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. என் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். தர்ஷினி, "போகாதீங்கப்பா" என்றாள். காலையில் நான் செருப்பு மாட்டும்போது வந்து நின்றாள்.

"கொட எடுத்துட்டுப் போங்க. அங்கிட்டு மழ."

ரயில்

பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு ரயிலில் போவது, அவசரம் இல்லாதவர்களுக்கு உகந்தது. எனக்கு அன்றைக்கு ரயிலை இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

எல்ல ஸ்டேஷனில் பெட்டி முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் ஏறினார்கள். வாசலில் தொங்கிக்கொண்டு, காற்றில் முடி பறக்கப் போட்டோ எடுத்தார்கள். அவர்கள் சந்தோஷமாகப் பார்த்த அதே மலையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரே ஒரு வீட்டை மறைத்துக்கொண்டு நின்றது.

டீ விற்கிறவன் வந்தான். எதிரில் இருந்த ஒரு பெண் அவனிடம், 'கறுப்பு டீ' என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"பிளேன்" என்றேன்.

"அதச் சொல்ல வேண்டியதுதானே" என்று அவன் ஊற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிக் குடித்தாள். யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம்தான் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பத்தைச் சாய்த்துப்போட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஜன்னலை மூடினேன். மூடவில்லை, எங்கள் ரயில் ஜன்னல்கள் அப்படி ஒருவர் கோபத்துக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

பண்டாரவளை தாண்டியதும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். "எங்களை ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்கலாமா? கேட்டால் சண்டை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லலாமா? சொன்னால் பொய், இந்தக் குளிரில் இஸ்திரி போட்ட சட்டையோடு யாரும் அப்புத்தளைக்குச் சும்மா வருவதில்லை.

இஞ்சி மணம்

வீடு ஸ்டேஷனுக்கு மேலே, படிகள் ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. முற்றத்தில் லீக்ஸ் பாத்தி. பையனின் அம்மா கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க. இவரு கோயில் கூட்டத்துக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே போய், இஞ்சி தட்டிப்போட்ட பால் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒருவேளை அதுவே ஒரு பதிலோ என்று எனக்குச் சந்தேகம். குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அவர் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "நேர்ல வந்து சொல்றது நல்ல பழக்கம் மாஸ்டர்" என்றார். "மத்த எடத்துக்காரங்கெல்லாம் தரகருகிட்டச் சொல்லித்தான் அனுப்புனாங்க."

"எதம்மா நேர்ல சொல்ல வந்தேன்?"

"வேணாம்னுதான்."

"யாரு வேணாம்னா?"

"நீங்கதான்." அவர் குரல் உயரவில்லை. "ஒரு நல்ல காரியத்துக்கு வந்தவங்களுக்கு, எழவு வீட்டுல குடுக்குற மாதிரி எல்லாருக்கும் பிளேன் டீ. எனக்குக் கோப்பையப் பாத்ததும் புரிஞ்சிருச்சு. வாயால சொல்லலன்னா என்ன?"

"அம்மா, ஐயாதானே கேட்டாரு?"

"இவரு கேட்டா இவருக்குத்தானே குடுக்கணும்?"

என் அக்காவை இங்கே எப்படி விளக்குவது? கங்காணி வீட்டு அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் நேரே கேட்டேன்.

"ஐயா ஏன்மா கேட்டாரு? எங்க வீட்டுப் பால் வேணாம்னுதானே? எங்க வீட்டுல அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் கடைசிப் பிள்ளையை நான் பார்க்கிற பார்வை.

"என்ன மாஸ்டர் இது? இவரு டீமேக்கரு. காலையில எந்திரிச்சா வரிசையாக் கோப்பை வச்சு உறிஞ்சி உறிஞ்சிப் பாத்தவரு. பால் ஊத்துனா நாக்குக் கெட்டுப்போகும்பாரு. கல்யாணம் ஆனதுலேருந்து இவருக்கு நான் பால் டீ ஊத்துனது கெடையாது. எனக்குத் தனியா, இவருக்குத் தனியா. எங்க போனாலும் இவரு பிளேன்தான் கேப்பாரு."

"எங்க போனாலுமா?"

"எங்க போனாலும்."

"பொண்ணு பாக்கப் போன எடத்துலயுமா?"

அவர் 'ஆமா' என்று சொல்ல வாயைத் திறந்தார். கை முந்தானையின் முனையில் நின்றுவிட்டது.

"பண்டாரவளையில கேட்டாரு" என்றார் மெதுவாக. "வெலிமடையில... அங்க அந்தப் பொண்ணோட அம்மா தட்டக் கையில வாங்கிட்டு உள்ள போனாங்க. அப்புறம் வெளியவே வரல. லுணுகலையிலயும் கேட்டாரு."

வெளியே மழை ஆரம்பித்தது. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் அசைந்தன.

"எல்லாரும் ஜாதகம் பொருந்தலன்னாங்க மாஸ்டர். எல்லாரும். புள்ளைக்குத் தோஷம்னு நான் கோயில் கோயிலா ஏறி வெளக்குப் போட்டேன். லயத்துல பொறந்த புள்ளைன்னு பாக்குறாங்களோன்னு நெனச்சேன். முடி கொட்டுதேன்னு எண்ணெய் காய்ச்சிக் குடுத்தேன். ஒங்க வீட்டுலேருந்து வந்ததும் அவன், 'இனிமே என்னைய யாரு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க'ன்னுட்டான். டுபாய்க்கு வேலைக்குப் போறேன்னு நிக்கிறான். ஏஜென்சிக்காரன் நாளைக்கு வரச் சொல்லியிருக்கான்."

"எங்க பொண்ணு எந்தப் பையனுக்கும் சரின்னு சொன்னதில்லம்மா" என்றேன். "இந்தப் பையனுக்குத்தான்..." மேலே வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்பில் தண்ணீர்க் கேத்தல் வைக்கிற சத்தம், கொஞ்சம் பலமாகவே கேட்டது.

ஒரு கோப்பை

டீமேக்கர் ஐயா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் கண்டு மலர்ந்தார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

"அடடே, மாஸ்டரா. எப்ப வந்தீங்க? அன்னைக்கு ஒங்க வீட்டுல நல்ல டீங்க. எந்தத் தோட்டத்துத் தூளு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி வந்து, முன்னால் இருந்த சின்ன மேசையில் ஒரு கோப்பையை வைத்தார்.

"என்னா இது?"

"டீ."

"பால் ஊத்தியிருக்கு."

"ஊத்தித்தான் இருக்கு."

"யாருக்கு?"

"ஒங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் ஏதோ சட்டம் மாறிவிட்டது, வந்திருக்கும் ஆசிரியருக்காவது அது தெரிந்திருக்கும் என்பதுபோல். நான் லீக்ஸ் பாத்தியைப் பார்த்தேன்.

"காரணத்தச் சொல்லு, குடிக்கிறேன்."

அந்த அம்மா சொன்னார். நின்றுகொண்டே, மூச்சு விடாமல், ஊர் ஊராகச் சொன்னார். பண்டாரவளை. வெலிமடை. லுணுகலை. பதுளை. ஒவ்வொரு ஊருக்கும் ஐயாவின் முகத்தில் ஒரு சுருக்கம் கூடியது. கடைசியில், "ஒங்க மகனுக்கு வயசு முப்பத்திமூணு" என்று நிறுத்தினார்.

ஐயா ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"பால் ஊத்துனா தேயிலையோட ருசி தெரியாதும்மா" என்றார் அவர். சின்னக் குரல். தன் பக்கத்தில் சொல்லிக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

"நீங்க பொண்ணு பாக்கப் போனீங்களா, தேயில பாக்கப் போனீங்களா?"

அவர் கோப்பையை எடுத்தார். பழக்க தோஷம், பேக்டரியில் செய்கிற மாதிரியே, காற்றோடு சேர்த்து 'சர்' என்று உறிஞ்சினார். வாய்க்குள் இரண்டு தடவை சுழற்றினார். பிறகு துப்புவதற்குப் பாத்திரத்தைத் தேடி அவர் கண் அறை முழுக்க ஓடியது. பாத்திரம் இல்லை. எதிரே நான். பக்கத்தில் அவர் மனைவி. அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மறுபடி ஒரு வாய். மறுபடி. நாங்கள் இருவரும், ஒரு மனிதர் தன் நாக்கைத் தன் மகனுக்காகக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோப்பை காலியானது. அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சரியா?"

"ஒரு தடவ குடிச்சாச் சரியாப் போயிருமா? இனி பதுளைக்குப் போறப்பெல்லாம் அவுங்க வீட்டுல இதத்தான் குடிக்கணும். தாலி ஏறுற வரைக்கும்."

அவர் காலிக் கோப்பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப கல்யாண நாளக் கிட்டக்கப் பாருங்க, சம்பந்தி."